பதினைந்து மில்லி

நான்கு பத்துக்கு உமையாள் பாலைக் குடித்தாள். பதினைந்து மில்லி, மூன்று டீஸ்பூன், அவ்வளவுதான். மங்கை நோட்டில் 4.10 என்று எழுதினாள். எழுதிய பிறகு சுவர்க்கடிகாரம் இரண்டு நிமிஷம் முந்தி ஓடுவது நினைவுக்கு வந்து 4.08 என்று திருத்தினாள், திருத்தின இடம் கிறுக்கலாகத் தெரிந்ததால் அதையும் அடித்துவிட்டு மறுபடி 4.10 என்றே எழுதினாள். இரண்டு நிமிஷம் கூட இருந்து பார்த்தால் ஒன்றும் குறைந்துவிடாது. ஆறு பத்து வரை. அதுவரை ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது, மாடிப்படி ஏறக்கூடாது, வெந்நீரில் குளிக்கக்கூடாது, தூங்கிவிடக்கூடாது, ரொம்ப அழக்கூடாது; ரொம்பச் சிரிக்கலாமா என்று கேட்க மறந்துவிட்டாள். பெங்களூர் டாக்டரம்மா கொடுத்த பட்டியலில் சிரிப்பு இல்லை. ஆனால் போன மாசம் ஏதோ கார்ட்டூன் பார்த்துச் சிரித்துச் சிரித்துப் பிள்ளை இருமியபோது இவள் டீவியை அணைத்துவிட்டாள், அதிலிருந்து இந்த இரண்டு மணி நேரத்தில் சிரிப்புப் படமும் கிடையாது. மேலுதட்டில் வெள்ளையாக ஒரு கோடு நின்றது. ஈரத்துணியால் துடைத்தாள். துடைத்த இடம் சிவந்தது. துடைத்ததால் சிவந்ததா, தானாகச் சிவந்ததா. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். சிவப்பு மங்கி, தோல் தோலின் நிறத்துக்கே வந்தது. "போதும்மா, தள்ளு," என்றாள் உமையாள், கலர் பென்சில் டப்பாவைத் திறந்துகொண்டு. ஏழு வயசு. இருபத்தொரு கிலோ. மங்கைக்கு மகளின் உயரம் சட்டென்று நினைவுக்கு வராது, எடை எப்போதும் நாக்கு நுனியில் இருக்கும், ஏனென்றால் மருந்தின் அளவு எடையில்தான் இருக்கிறது.

சமையலறைக்குப் போனால் பால் பாக்கெட் வாய் வெட்டியபடி ஒரு டம்ளரில் சாய்ந்து நிற்கும். பதினைந்து மில்லி போக மீதி அத்தனையும். அதை என்ன செய்வது என்று ஒவ்வொரு நாளும் புதிதாக யோசிக்கவேண்டியிருக்கிறது. எதிர்வீட்டுத் தெலுங்குக்காரர்களுக்குக் கொடுக்கலாம், அவர்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போய் எட்டு மணிக்குத்தான் வருவார்கள், அதற்குள் ஃபிரிட்ஜில் வைக்கவேண்டும், ஃபிரிட்ஜில் வைத்தால் கசியும், கசிந்தால். அதனால் தொட்டியில் ஊற்றித் தண்ணீரைத் திறந்துவிடுவாள். வெள்ளை கரைந்து போகிறவரை பார்ப்பாள். ஆறு வருஷம் இந்த வீட்டுக்குள் ஒரு சொட்டுப் பால் வந்ததில்லை. ஓசூருக்குக் குடிவந்தபோது பால் காய்ச்சக்கூட இல்லை, புருஷன் சிவநேசன்தான் "தண்ணிய பொங்க வச்சாப் போதும், சாமி ஒண்ணும் நெனச்சுக்காது" என்றான். தயிரில்லை, நெய்யில்லை, பிஸ்கட் பாக்கெட்டின் முதுகில் எறும்பு மாதிரி ஊரும் எழுத்துகளைக் கடையிலேயே நின்று படித்துப் படித்துக் கடைக்காரனிடம் ஏச்சு வாங்கினாள். இவளும் காப்பியை விட்டாள், பிறகு காப்பி மணத்தையே விட்டாள். அப்படிக் காத்த கை. இப்போது தினமும் நான்கு மணிக்கு இதே கை ஊசியில்லாத சிரிஞ்சில் பாலை உறிஞ்சி, கோட்டைக் கண்ணுக்கு நேரே பிடித்து, குமிழைத் தட்டிவிட்டு, பெற்ற பிள்ளையின் வாய்க்கு நேராக நீட்டுகிறது. ஆகாததையே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து உடம்பை அதற்குப் பழக்குவது, அதுதான் வைத்தியம். முதல் நாள் கொடுத்தது தண்ணீரில் கலந்த ஒரு சொட்டின் நூறில் ஒரு பங்கு. பத்து மாசத்தில் பதினைந்து மில்லி. இரண்டு வாரத்துக்கு ஒருதரம் பெங்களூருக்குப் போய் அங்கே வைத்து அளவைக் கூட்டுவார்கள், பிறகு வீட்டில் அதே அளவு. "ஒரு நாள் ஒரு டம்ளர் முழுசாக் குடிப்பா பாருங்க," என்றார் டாக்டரம்மா. டம்ளரெல்லாம் மங்கைக்கு வேண்டாம். யாரோ தெரியாமல் கொடுத்த ஒரு சாக்லேட்டில் பிள்ளை செத்துப்போகக்கூடாது, அது போதும். ஆனால் முதல் நாள் உமையாள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு கேட்டாளே. "பால் குடிச்சா நான் செத்துருவேன்னு நீதான சொன்ன?" ஆமாம், நான்தான் சொன்னேன். ஆறு வருஷமாக ராத்திரியும் பகலும் சொன்னேன். "இது அந்தப் பால் இல்லட்டி, இது மருந்து," என்று பொய் சொல்லிக் கொடுத்தாள். பிள்ளை குடித்தது பாலை நம்பி இல்லை. இவளை நம்பி.

பாலில் ஆரம்பித்தால் மனசு அங்கேதான் போகும், இவளுடைய பாலுக்கு. மூன்று மாசக் குழந்தைக்கு உடம்பெல்லாம் சொறி, கன்னம் வெடித்து நீர் வடிந்தது, மலத்தில் ரத்தம். பால் ஊற வேண்டும் என்று மாமியார் ஒரு நாளைக்கு இரண்டு தரம் பூண்டு போட்டுக் காய்ச்சிய பாலைக் கொடுத்தாள், நல்ல மனுஷி, பிரியமாகத்தான் கொடுத்தாள், இவளும் குடித்தாள், குடித்ததெல்லாம் இவள் வழியாக இறங்கிக் குழந்தைக்குப் போனது. அழுகிற பிள்ளையை மார்போடு அணைத்து அணைத்து. ஒரு மாசம். முப்பத்திரண்டு நாள். கண்டுபிடித்துச் சொன்ன டாக்டர் திருநெல்வேலியில், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "நீங்க சாப்பிடறதுதாம்மா பிள்ளைக்கு ஒத்துக்கல," என்று சாதாரணமாகச் சொன்னார். வெளியே வந்ததும் மாமியார், "அம்மன் பேர வச்ச பிள்ளைக்குப் பால் ஆகாதாம். எங்கயாவது உண்டுமா ஏளா?" என்றாள். சொந்த ஊரான சங்கரன்கோவிலில் எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். எங்கயாவது உண்டுமா. பாக்கெட் பால் ஆகாது, வீட்டு மாட்டுப் பால் ஆகும். காய்ச்சாத பால் ஆகாது, சுண்டக் காய்ச்சினால் ஆகும். இவளுக்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்தது, பிறகு போவது ஓய்ந்தது. ஆடித்தபசுக்குப் போகவில்லை, தம்பி கல்யாணத்துக்கு இவள் மட்டும் போய்த் தாலி கட்டினதும் திரும்பிவிட்டாள். கல்லூரித் தோழி சண்முகப்பிரியா மகளின் பிறந்தநாளுக்கு மூன்று வருஷம் கூப்பிட்டாள், நாலாம் வருஷம் கூப்பிடவில்லை. அவளைத் தப்புச் சொல்ல முடியாது. போனாலும் மங்கை என்ன செய்வாள், கேக் வெட்டுகிறபோது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பால்கனியில் நிற்பாள். யாருடைய கை யாருடைய கன்னத்தைத் தடவுகிறது என்று பார்ப்பாள். அப்படிப் பார்க்கிற ஒருத்தி வீட்டுக்குள் நின்றால் யாருக்குத்தான் சந்தோஷமாக இருக்க முடியும்.

கீழே பிள்ளைகள் இறங்கிவிட்டார்கள். சனிக்கிழமை, நான்கு முப்பத்தைந்து. பந்து சுவரில் மோதுகிற சத்தம் மூன்றாம் மாடி வரை டப் டப்பென்று வந்தது. உமையாள் தலையைத் தூக்கவில்லை. பழகிவிட்டாள். மீனுக்குச் செதில் செதிலாக வேறு வேறு வண்ணம் பூசிக்கொண்டிருந்தாள். இந்த வயசில் ஒரு பிள்ளை பந்துச் சத்தத்துக்குத் தலை தூக்காமல் இருக்குமா? ஒருதரமாவது நான் போறேன் என்று அடம் பிடித்தால் மங்கைக்கு நிம்மதியாக இருக்கும், கூடாது என்று சொல்லலாம், சண்டை போடலாம், அழலாம், வேண்டாம், அழக்கூடாது. காலையில் உமையாள் இரண்டு தும்மல் தும்மினாள். அதுதான் மத்தியானத்திலிருந்து உள்ளே முள் மாதிரி. சளி, காய்ச்சல் இருந்தால் அன்றைக்குப் பால் கொடுக்கக்கூடாது, இல்லாவிட்டால் அளவைக் குறைக்கவேண்டும். இரண்டு தும்மல் சளியா? சாம்பிராணி போட்டாள், அதனால் இருக்கும். தெர்மாமீட்டர் வைத்தாள், காய்ச்சல் இல்லை. டாக்டரம்மாவுக்கு மெசேஜ் போட்டாள், பார்க்கவில்லை, சனிக்கிழமை அவருக்கும் குடும்பம் இருக்கும். சிவநேசனிடம் கேட்டாள். அவன் இரண்டாம் ஷிஃப்டுக்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். "ரெண்டு தும்மல்தான? குடு. விட்டா மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்பாங்க," என்றான். அவன் சொன்னதும் சரிதான். அவன் போய்விட்டான். சிப்காட்டில் அவன் கம்பெனியில் போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும், இரவு வரை அவன் இல்லாத ஆள் மாதிரி. அவனைக் குறை சொல்வதற்கில்லை, பெங்களூருக்கு ஒவ்வொரு தடவையும் லீவு போட்டு வருகிறான், பிள்ளை குடித்ததும் காண்டீனுக்குப் போய் இவளுக்கு எலுமிச்சை டீ வாங்கி வருகிறான். ஆனால் அவனுக்குத் தூக்கம் வருகிறது. ஒரே கட்டிலில், ஒரே பிள்ளையை நடுவில் போட்டுக்கொண்டு, அவனுக்குத் தூக்கம் வருகிறது. ஒரு நாள் கேட்டாள், எப்படி வருது உங்களுக்கு? "நீ முழிச்சிருக்கேல்லா, அந்தத் தைரியம்," என்றான். அன்பாகத்தான் சொன்னான். அதைக் கேட்ட பிறகு அவள் இன்னும் தனியாகிப்போனாள்.

உமையாள் கழுத்தைச் சொறிந்தாள். மங்கை கடிகாரத்தைப் பார்த்தாள், நான்கு ஐம்பத்திரண்டு. சொறிவது எல்லோரும்தான் சொறிவார்கள். கொசுவாக இருக்கும். பென்சிலின் பின்முனையால் இன்னொருதரம் சொறிந்தாள், காதுக்குக் கீழே. "இங்க வா, பாப்போம்." "ஒண்ணுமில்ல." "வான்னா வா." கழுத்தின் மடிப்பில் ஒரு தடிப்பு, எட்டணா அகலம், நடுவில் வெளுத்து ஓரம் சிவந்து. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று கிளம்புகிறதா இல்லையா என்கிற மாதிரி. வாயைத் திற, நாக்கை நீட்டு, வயிறு வலிக்கா, தொண்டையில ஏதாவது மாட்டுன மாதிரி இருக்கா. இல்லை, இல்லை, இல்லை. ஃபிரிட்ஜ் கதவில் டாக்டரம்மா எழுதிக் கொடுத்த தாள் ஒட்டியிருந்தது, அதைப் பார்க்கவே வேண்டாம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்: தோலில் மட்டும் என்றால் அலர்ஜி சிரப், காத்திருந்து பார். தோலோடு மூச்சோ வயிறோ சேர்ந்தால் ஊசி, உடனே, யோசிக்காதே. சிரப்பைக் கொடுத்தாள். தடிப்பைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம் போட்டாள், வளர்கிறதா என்று தெரிய. பேனா கூசியதில் பிள்ளை நெளிந்தது. நெளிந்து, இருமியது.

ஒரு இருமல். சிரப் புரையேறியிருக்கும். எல்லோருக்கும் ஏறும். மங்கை அசையாமல் நின்றாள், தான் அசைந்தால் இரண்டாவது இருமல் வந்துவிடும் என்பதுபோல. கீழே பந்து டப் டப். யாரோ ஒரு பையன் அவுட் அவுட் என்று கத்தினான். பிள்ளைக்கு மூன்று வயசில், மாமியார் வழியில் ஒரு கல்யாண வீட்டிலும் இப்படித்தான், ஒரு இருமல். மாமியாரின் தங்கை பாயசத்தில் விரலை முக்கிப் பிள்ளை நாக்கில் வைத்திருந்தாள், ஒரே ஒரு விரல், ருசிக்கு. பிள்ளை இருமியது. கூட்டமாகக் கூடிவிட்டார்கள். சூடு, என்றார்கள். கண்ணேறு, என்றார்கள். ஃபேனுக்குக் கீழே படுக்கப் போடுங்க, என்றார்கள். மங்கையின் பையில் ஊசி மருந்து இருந்தது, பையைத் தோளில் மாட்டிக்கொண்டே நின்றாள், அத்தனை பெரியவர்களுக்கு நடுவில் இவள் ஊசியை எடுத்தால் என்ன சொல்வார்கள் என்று நின்றாள். இருபது நிமிஷம். பிள்ளையின் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி ஆகிற வரைக்கும். ஆட்டோவில் போகிறபோது கை துவண்டு தொங்கியது. ஆஸ்பத்திரியில் எமர்ஜென்சி டாக்டர், இவளைவிடச் சின்னப் பெண், "ஊசிய வச்சுக்கிட்டு ஏம்மா நின்னீங்க?" என்று கேட்டாள். அதற்கு இன்றுவரை யாரிடமும் பதில் சொல்லவில்லை. சிவநேசனிடம்கூட ஊசி பையில் இருந்ததைச் சொல்லவில்லை. அவன் ஊசி வீட்டில் மறந்துபோனதாக நினைத்துக்கொண்டிருக்கிறான். நான்கு வருஷமாக அப்படியே நினைக்கட்டும் என்று விட்டிருக்கிறாள்.

"அம்மா," என்றாள் உமையாள். குரல் வேறு மாதிரி இருந்தது, நனைந்த துணிக்குள்ளிருந்து வருகிற மாதிரி. பிறகு இருமல். பிறகு இன்னொன்று. பேனா வட்டத்தைத் தாண்டித் தடிப்பு தாடையில் ஏறியிருந்தது. மங்கை ஊசி டப்பாவைத் திறந்தாள். கண்ணாடிக் குப்பியின் கழுத்தைத் துணியால் பிடித்து ஒடித்தாள், இரண்டாகப் போனது, விரலில் கீறியது. சிரிஞ்சில் சிவப்புப் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தது. கோடு வரை உறிஞ்சினாள். நூறு தடவை ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பழகியிருந்தாள், பழம் அவளை நிமிர்ந்து பார்த்ததில்லை. "வேண்டாம்மா. அம்மா வேண்டாம். நல்லாயிருக்கேன்மா. பாரு, நல்லாயிருக்கேன்," என்று பிள்ளை சோபாவின் மூலைக்கு ஒண்டியது, பேசுகிற ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் இருமியது. நல்லாயிருக்கிறாளோ? இது வெறும் சளியோ, அந்த இரண்டு தும்மலோ, நாளைக்கு டாக்டரம்மா அவசரப்பட்டுட்டீங்களே என்பாரோ, இதயம் படபடக்குமே, சின்ன இதயம். யாரையாவது கேட்கலாம். கேட்க யாருமில்லை. வீட்டில் யாருமே இல்லை, சூடு என்று சொல்ல, கண்ணேறு என்று சொல்ல ஒரு ஆள்கூட இல்லை, அந்த நினைப்பு வந்ததும் மங்கைக்கு உடம்பு லேசானது. முழங்காலால் பிள்ளையின் இரண்டு காலையும் அழுத்திப் பிடித்து, பாவாடையை விலக்கி, தொடையின் வெளிப்பக்கத்தில் குத்தினாள். உமையாள் வீறிட்டது கீழே கேட்டிருக்கவேண்டும். பந்துச் சத்தம் நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று. எடுத்துவிட்டாள். ஐந்து ஒன்று. நோட்டில் எழுதவில்லை, தடிப்பு, இருமல், ஊசி, மூன்றின் நேரத்தையும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். பிறகு 108.

ஆம்புலன்ஸ் வருகிறவரை உமையாளைப் படுக்க வைத்துக் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்திருந்தாள். பிள்ளை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டது. இருமல் ஐந்து நிமிஷத்தில் இடைவெளி விட்டது, எட்டு நிமிஷத்தில் நின்றது. கை விரல் மட்டும் படபடவென்று நடுங்கியது, ஊசி மருந்து அப்படித்தான் செய்யும், தெரியும், தெரிந்தும் அந்த விரல்களைத் தன் கைக்குள் பொத்தி வைத்தாள். பிள்ளை கையை உருவிக்கொண்டது. வாட்ச்மேன் முனியப்பா ஏறி வந்து கன்னடம் பாதி தமிழ் பாதியாக, "ஏனாயித்தும்மா, என்னாச்சு, யாராவது கூட வரணுமா?" என்று கேட்டார். வேண்டாம், என்றாள். ஏன் வேண்டாம் என்றாள் என்று வண்டியில் போகிறபோது யோசித்தாள். வரட்டும் என்று சொல்லிப் பழக்கமில்லை.

ஆஸ்பத்திரியில் மார்பில் வயர் ஒட்டி, விரலில் கிளிப் மாட்டி, நான்கைந்து மணி நேரமாவது வைத்துப் பார்க்கவேண்டும் என்றார்கள். போன மூச்சுத் திணறல் திரும்பியும் வரலாமாம். "கூட யார் வந்திருக்கா?" என்று நர்ஸ் கேட்டாள். "நான்தான்." "இல்லம்மா, உங்ககூட." மங்கைக்கு ஒரு கணம் கேள்வி புரியவில்லை. கம்பெனி செக்யூரிட்டிக்குப் போன் போட்டு சிவநேசனிடம் சொல்லச் சொன்னாள், சொல்கிறேன் என்றான், எப்போது சொல்வானோ. ஏழு மணிக்கு டாக்டரம்மாவே கூப்பிட்டார். எத்தனை மணிக்குத் தடிப்பு, எத்தனை மணிக்கு இருமல், எத்தனை மணிக்கு ஊசி. மங்கை உள்ளங்கையைப் பார்த்துப் படித்தாள். "சரியாத்தான் செஞ்சிருக்கீங்க மங்கையர்க்கரசி. நானா இருந்தாலும் இதையேதான் செஞ்சிருப்பேன்." யாரும் அவளை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "அந்தத் தும்மல்..." என்றாள். "சளியா இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். தெரிஞ்சுக்க வழியில்ல. ஞாயிறு, திங்கள் விட்டுருங்க. செவ்வாய்க்கிழமை இங்க கூட்டிட்டு வாங்க, நான் பக்கத்துல இருந்து எட்டு மில்லி கொடுத்துப் பாக்கறேன்." சரி என்று வைத்தாள். வைத்த பிறகுதான் சரி என்று சொன்னது நெஞ்சுக்குள் இறங்கியது. செவ்வாய்க்கிழமை மறுபடி. நிறுத்திவிடலாம், இதோடு நிறுத்திவிடலாம், மறுபடி பால் வராத வீடாக வைத்துக்கொள்ளலாம், கதவைச் சாத்தலாம், பத்து வயசு வரை சாத்தலாம், பதினைந்து வரை. அப்புறம் ஹாஸ்டல் என்பாள், வேலை என்பாள், யாரோ ஒருத்தன் பிரியமாக ஒரு வாய் ஐஸ்கிரீம் நீட்டுவான். எதுவரை சாத்துவது. நிறுத்தவும் முடியாது. நிறுத்தாமலும் முடியாது. உலகத்தில் எங்கேயாவது, இதே நேரத்தில், தன்னைப்போல் ஒருத்தி ஒரு கட்டில் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள், அவளோடு பேசினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. என்ன பேசுவாள்? எத்தனை மில்லி என்று கேட்பாள்.

உமையாள் விழித்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. தடிப்பெல்லாம் அடங்கிப் பேனா வட்டம் மட்டும் கழுத்தில் நீலமாக இருந்தது. "பசிக்குதா?" தலையாட்டல், இல்லை. "கால் வலிக்குதா?" ஆமாம். மங்கை தொடைப் பக்கம் கை கொண்டுபோய், தொடாமல் எடுத்துக்கொண்டாள். "மறுபடி குடிக்கணுமா?" என்று பிள்ளை கேட்டது. மங்கை வாயைத் திறந்தாள். வேண்டாம் என்று வந்தால் வரட்டும், குடிக்கணும் என்று வந்தால் வரட்டும் என்று திறந்தாள். அதற்குள் உமையாளே சொன்னாள். "குடிக்கறேன். ஆனா நீ என்னயே பாக்காத." "ஏன் கண்ணு?" "நீ பாக்கும்போது எனக்குப் பயமா வருது. பாலு கொஞ்சந்தான் பயம். நீ பாக்கறதுதான் ரொம்ப."

அடி விழுந்த மாதிரி இருந்தது. அழுகை வரவில்லை. ஏழு வருஷம். கண் எடுக்காமல் பார்த்த ஏழு வருஷம், தூங்கும்போது மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்தது, சாப்பிடும்போது உதட்டைப் பார்த்தது, சிரிக்கும்போது தொண்டையைப் பார்த்தது. அந்தப் பக்கத்திலிருந்து அது எப்படி இருந்திருக்கும் என்று ஒருதரம்கூட நினைத்ததில்லை. ஒரு முகம், பெரிதாக, எப்போதும், எதற்கோ காத்துக்கொண்டு. "சரி," என்றாள். "பாக்கல." நாற்காலியைக் கொஞ்சம் திருப்பினாள். கண் தானாகக் கட்டிலுக்குமேல் இருந்த திரைக்குப் போனது, 98, 98, 97, 98. "அதையும் பாக்காத," என்றது பிள்ளை. மங்கை கண்ணை மூடினாள். மூடியதும் சத்தங்கள் பெரிதாயின. பக்கத்துத் திரைக்குப் பின்னால் யாரோ முனகினார்கள், தள்ளுவண்டிச் சக்கரம் கீச்சிட்டது, எங்கோ லிஃப்ட் கதவு. நடுவில் பிள்ளையின் மூச்சு கேட்டது, பிறகு கேட்கவில்லை, காதைத் தீட்டிக்கொண்டு தேடப்போனவள் பாதியில் விட்டாள். கைகளை மடியில் வைத்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் அவை அங்கேயே கிடந்தன. செருப்புச் சத்தம் வந்தது. கிளிப்பைச் சரிபார்க்க வந்த நர்ஸ். "உங்கம்மா தூங்கிட்டாங்களா பாப்பா?" என்று மெல்லக் கேட்டாள்.

"இல்ல," என்றாள் உமையாள். "எங்கம்மா சும்மா இருக்காங்க."